நண்டு என்று பெயரெடுத்த மயில்

மாமா மயில் செய்வதற்குத்தான் இரும்பை வெட்டத் தொடங்கினார். கடைசியில் எங்கள் வாசல் கேற்றின் மேல் ஏறி உட்கார்ந்தது ஒரு நண்டு. அந்தப் புகழில் எனக்கும் பங்குண்டு. மயிலின் கழுத்தை வளைக்கும்போது மற்ற நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்தான். காக்காய் ஒன்றைப் பார்த்துப் பராக்காகிவிட்டேன். கழுத்து பக்கவாட்டில் போய்விட்டது.

அப்போது எனக்கு ஒன்பது பத்து வயதிருக்கும். படிப்பு ஏறவில்லை. ஏறும் என்று நம்பியிருந்தவர்களும் அந்த நேரத்தில் அனேகமாகக் கைகழுவிவிட்டார்கள். இன்றைக்கு ஊர்காவற்றுறை வீதியில் ஆட்டோ ஓட்டுகிறேன். இதை எழுதும்போதுகூட லகரமா ழகரமா என்று வருகிற இடமெல்லாம் சந்தியில் நிற்கிற ஆட்டோ மாதிரி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறேன்.

மாமா என்பது அம்மாவின் தம்பி. புளியங்கூடலில் எங்கள் வீட்டு வளவின் முன்பக்கத்தில்தான் அவருடைய வெல்டிங் பட்டறை இருந்தது. கேற், கிறில், உடைந்த கலப்பை, கால் போன கதிரை என்று எது வந்தாலும் ஒட்டிக் கொடுப்பார். ஒட்ட முடியாமல் இருந்தது அவருடைய கலியாணம் ஒன்றுதான். தலையில் முன்பக்கம் முடி உதிர்ந்து வெளிக்கத் தொடங்கியிருந்தது. அம்மா கும்பிடாத கோயில் இல்லை.

சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பி வந்தபின் வந்த சம்பந்தங்களில் வேலணைச் சம்பந்தம்தான் கிட்டத்தட்டக் கை கூடியது. பெண்ணின் தகப்பன் வீடு பார்க்க வந்திருந்தார். மாமா பட்டறையைச் சாத்திவிட்டு, மடிப்புக் குலையாத சேட்டோடு கதிரை நுனியில் இருந்தார். அந்த நேரம் பார்த்து ஒருவர் உடைந்த கலப்பையோடு வந்துவிட்டார். இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர் மாமா. "ஒரு நிமிசம்" என்று எழும்பிப் போய்க் கிரைண்டரைப் போட்டார். பெண்ணின் தகப்பனுடைய கையில் இருந்த தேத்தண்ணி அவருடைய வேட்டிக்குப் போயிற்று. பிறகு ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்கள்: பிள்ளைக்குச் சத்தம் ஒத்துவராதாம்.

மாமா அதற்குப் பிறகு கொஞ்ச நாள் பட்டறையைத் திறக்கவில்லை. பட்டறை வாசலில் குந்தியிருந்து இரும்புக் குவியலையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் காலை திடீரென்று எழும்பி அம்மாவிடம் சொன்னார்.

"அக்கா, இரும்பெண்டால் கத்திறது மட்டும்தான் எண்டு ஆர் சொன்னது? நான் பாட வைக்கிறன்."

"முதல்ல வந்து சாப்பிடு," என்றார் அம்மா.

அவருடைய திட்டம் இதுதான். கேற்றின் மேல் இரும்பால் ஒரு மயில். அது தோகை விரித்து நிற்கும். தோகையில் இறகுக்குப் பதிலாகப் பைப் துண்டுகள், தகடுகள், ஸ்பானர்கள். காற்றுப் பட்டால் அவை ஒன்றோடொன்று தட்டி இனிமையாக ஒலிக்கும். பெண் வீட்டார் கேற்றைத் திறக்கும்போதே இந்த வீட்டு இரும்பு எப்படிப்பட்டது என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். கிரைண்டரை அதற்குப் பிறகு மெல்ல மெல்லப் பழக்கலாம்.

முதல் மயில் ஊமை. மாமாவுக்குத் தெரிந்தது ஒட்டுவது. எல்லாத் துண்டுகளையும் இறுக்கி ஒட்டிவிட்டார். கம்பியால் தட்டினால் சுவரில் தட்டின மாதிரி "டொக்" என்று கேட்டது. மாமா இன்னும் கொஞ்சம் இறுக்கி ஒட்டிப் பார்த்தார். "டொக்" இன்னும் திடமாகக் கேட்டது.

விடை எங்கேயிருந்து வந்தது என்று சொன்னால் என்னைப் பற்றி நீங்கள் பெரிதாக நினைத்துவிடக் கூடாது. மாங்காய் விழுத்துவதற்காக மாமாவின் ஸ்பானர் ஒன்றைத் தங்கூசியில், அதுதான் மீன் பிடிக்கிற நைலோன் நூலில், கட்டிச் சுழற்றிக்கொண்டிருந்தேன். மாங்காயில் படவில்லை. தண்ணீர்க் குழாயில் பட்டது. அப்படியொரு ஓசை, வளவு முழுக்க ஓடிப் போய் மெல்ல அடங்கிற்று. மாமா பட்டறையிலிருந்து பாய்ந்து வந்தார். அடி விழப்போகிறது என்று நான் கையைத் தலைக்கு மேலே கொண்டுபோனேன். அவர் ஸ்பானரை வாங்கி, நூலில் தொங்கவிட்டு, காதுக்குக் கிட்டே வைத்து விரலால் சுண்டினார்.

"தொங்கவேணும் மருமோன். இறுக்கினால் பாடாது."

அதற்குப் பிறகு ஒட்டினதையெல்லாம் வெட்டி எடுத்தார். ஒவ்வொரு துண்டிலும் துளை போட்டுத் தங்கூசியில் கட்டினார். மேல் நுனியில் துளை போட்டால் ஒரு மாதிரி, கொஞ்சம் கீழே இறக்கிப் போட்டால் ஓசை நீளமாக வருகிறது என்று தட்டித் தட்டித்தான் கண்டுபிடித்தார். பைப்பைக் குட்டையாக வெட்டினால் கீச்சுக் குரல், நீளமாக விட்டால் தடித்த குரல். ஓசை நல்லதா கெட்டதா என்று சொல்லுகிற பதவி எனக்கு. பள்ளிக்கூடத்தில் நான் சொன்ன விடை எதுவும் சரியாக இருந்ததில்லை. இங்கே நான் "சரி" என்றால் சரி, "பிழை" என்றால் அந்தத் துண்டு குவியலுக்குத் திரும்பப் போகும். அந்த அதிகாரம் தலைக்கு ஏறி, காரணமில்லாமலே இரண்டு மூன்று நல்ல பைப்புகளைப் பெயிலாக்கினேன். என் வாத்தியாருக்கு எப்படி இருந்திருக்கும் என்பது அப்போது விளங்கிற்று.

தோகையின் நடுவில் தொங்கியது ஒரு வட்டப் பித்தளைத் தட்டு. பழைய படகு எஞ்சின் ஒன்றிலிருந்து மாமா கழற்றி, மினுக்கி மினுக்கி வைத்திருந்தது. கரண்டியால் தட்டினால் தேன் மாதிரி இருக்கும். மாமாவுக்கு அதில் ஒரு தனிப் பிரியம். பித்தளையில் ஒரு சின்னத் துணுக்கு நிலத்தில் விழுந்தாலும் குனிந்து பொறுக்குகிற ஆள் அவர்.

எல்லாம் சேர்ந்து மேலே ஏறியபோது, நான் வளைத்த கழுத்தின் புண்ணியத்தில், இரண்டு பக்கமும் கால் பரப்பிக்கொண்டு ஒரு நண்டு நின்றது. வீதியால் சைக்கிளில் போகிறவர்கள் காலை ஊன்றி நின்று பார்த்தார்கள்.

"நண்டு நல்லாயிருக்கு தம்பி."

"மயில் அண்ணை."

"ஓமோம். கடல்ல இருக்கிற மயிலாக்கும்."

இந்தச் சமயத்தில்தான் நயினாதீவுச் சம்பந்தம் வந்தது. பெண் சட்டை தைக்கிறவர். தகப்பன் காலமாகி, ஆண்டுத் திவசம் முடியும்வரை கலியாணப் பேச்சை எடுக்காமல் வைத்திருந்தார்கள். இப்போது முடிந்துவிட்டது, பெண்ணின் அண்ணனும் பெரியம்மாவும் வீடு பார்க்க வருகிறார்கள் என்று தகவல். அம்மா, இதுவும் குழம்பினால் தம்பிக்கு இனி ஆரும் வரமாட்டினம் என்று அப்பாவிடம் குசினிக்குள் வைத்து மெதுவாகச் சொன்னார். மெதுவாகச் சொன்னால் எனக்கு நன்றாகக் கேட்கும்.

மாமாவுக்கு நடுக்கம் பிடித்துவிட்டது. துண்டுகளைத் தட்டுவதற்கு நடுவில் ஒரு இரும்புக் குண்டு தொங்கிக்கொண்டிருந்தது. அது தட்டினால் சத்தம் கொஞ்சம் கூர்மையாக இருக்கிறது, வேலணைக்காரரை மாதிரி இவர்களும் பயந்துவிடுவார்கள் என்று நினைத்தார். வருவதற்கு முதல் நாள் அதைக் கழற்றிவிட்டு, பூவரசங்கட்டை ஒன்றைச் செதுக்கித் தொங்கவிட்டார். கட்டை மெத்தென்று தட்டும். ஆனால் தட்டிக் காட்டக் காற்று வேண்டுமே. வாடைக்காற்று போய், தெற்கிலிருந்து வருகிற சோளகக்காற்று இன்னும் பிறக்காத நாள்கள் அவை. பனையோலைகூட அசையவில்லை. நான் ஏறி ஆட்டிப் பார்க்கிறேன் என்றேன். கழுத்தை வளைத்தது போதும் என்று சொல்லிவிட்டார்.

அடுத்த நாள் அவர்கள் படகில் குறிகட்டுவானுக்கு வந்து, அங்கேயிருந்து ஆட்டோ பிடித்து வந்து இறங்கினார்கள். இரண்டு பேருக்குக் கதிரை துடைத்து வைத்திருந்தோம். இறங்கியது மூன்று பேர். மூன்றாவது ஆள் பெண்ணேதான். எங்கள் பக்கத்தில் வீடு பார்க்கப் பெண் வருகிற வழக்கம் இல்லை. பெரியம்மா வெட்கப்பட்டுக்கொண்டு அம்மாவிடம் சொன்னார்.

"நான் வேண்டாமெண்டனான் பிள்ளை. இவள் கேக்கேல்லை. இருக்கப்போறது தானாம், தான் பாக்கவேணுமாம்."

"அதிலயென்ன, வரட்டும், வரட்டும்," என்று அம்மா உள்ளே ஓடிப் போய் அலுமாரிக்குப் பக்கத்தில் இருந்த, கால் ஆடுகிற கதிரையைக் கொண்டுவந்தார். மாமா எல்லார் கதிரையையும் ஒட்டுவார், வீட்டுக் கதிரையைத் தவிர.

தேத்தண்ணி வந்தது. பயத்தம் பணியாரம் வந்தது. பெரியம்மா கேற்றைப் பார்த்துவிட்டு, "உதென்ன, நண்டோ?" என்று கேட்டார். மாமா, "ஓம்," என்றார். அவருக்கு மயில் என்று வாதாடுகிற தெம்பு இல்லை. பெண்ணாக வந்த அந்த அக்கா தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்துச் சிரித்தார். கதை மெல்லச் சூடு பிடித்தது. அண்ணன்காரர் கிறில் வேலை பற்றிக் கேட்டார். மாமா வாய் திறந்து இரண்டு வசனம் முழுதாகப் பேசினார். அம்மா நிலைப்படியில் சாய்ந்து, கண்ணை மூடி, எந்தச் சாமிக்கோ நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் சோளகம் பிறந்தது.

முதலில் பனைகள் சரசரத்தன. முற்றத்துச் சருகு எழும்பி ஓடிற்று. மாமா என்னைப் பெருமையோடு பார்த்தார். நானும் கலை மேதை மாதிரி நிமிர்ந்து நின்றேன். பூவரசங்கட்டை ஆடிப் போய்ப் பித்தளைத் தட்டில் விழுந்தது.

ணங்ங்ங்.

கொஞ்சம் இடைவெளி விட்டு, இன்னொரு தரம்.

ணங்ங்ங்.

எங்கள் ஊர்களில் இந்தச் சத்தத்தை யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. செத்தவீட்டில் சங்கு ஊதும்போது கூடவே சேமக்கலம் அடிப்பார்கள். அதுவும் வட்டமான தட்டுத்தான். அதையும் கட்டையால்தான் தட்டுவது, அதே ஆறுதலோடு, இடைவெளி விட்டு விட்டு. சுற்றியிருந்த பைப்புகள் கிணுகிணுவென்று பாடினவைதான், ஆனால் ஒருவருடைய காதிலும் அவை ஏறவில்லை. பெரியம்மா கோப்பையை நிலத்தில் வைத்தார். அண்ணன்காரர் கையில் இருந்த பணியாரம் வாய்க்குப் போகிற வழியில் நின்றுவிட்டது. அந்த அக்காவின் முகம் வெளிறிப் போயிற்று. அவர்கள் வீட்டில் இந்தச் சத்தம் கேட்டு ஒரு வருடம்தான் கழிந்திருந்தது.

ணங்ங்ங்.

கேற் திறந்தது. பக்கத்து வளவுக்காரர் செத்தவீட்டுக்குப் போகிற மாதிரித் தோளில் துவாயோடும், அதற்கேற்ற முகத்தோடும் உள்ளே வந்தார். கூடவே அவருடைய மனைவி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு.

"என்ன தம்பி இது, வேலிக்கு அங்கால இருக்கிற எனக்கு ஒரு சொல் சொல்லப்படாதே? சேமக்கலம் அடிச்சுத்தானோ நான் அறியவேணும்?" என்று மாமாவிடம் கோபித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கொத்தார் நேற்றும் என்னோட நல்லாத்தானே கதைச்சவர். எத்தினை மணிக்கு?" என்று கேட்டார்.

கொத்தார் என்று அவர் சொன்னது மாமாவின் அத்தாரை, அதாவது என் அப்பாவை. கூடத்துக்குள் இருந்த அப்பா எழும்பி வெளியில் வந்தார்.

"அண்ணை, நான் இஞ்சை நிக்கிறன்."

பக்கத்து வளவுக்காரர் அப்பாவை மேலும் கீழும் பார்த்தார். சந்தோசப்பட்ட மாதிரித் தெரியவில்லை. துவாயை எடுத்துக்கொண்டு வந்தது வீணாகிவிட்டதே.

"அப்ப ஆர்?"

"ஒருத்தருமில்லை. உது மயில்."

"நண்டெல்லோ?" என்றார் அவருடைய மனைவி.

வீதியில் அதற்குள் இன்னும் இரண்டு சைக்கிள்கள் நின்றுவிட்டன. பெரியம்மா எழும்பினார். "வா பிள்ளை, படகுக்கு நேரமாச்சு," என்றார். கடைசிப் படகுக்கு எவ்வளவோ நேரம் இருந்தது. நல்ல காரியம் பேச வந்த இடத்தில் சாவுச் சத்தம் கேட்டால் அதற்கு மேல் இருந்து கதைக்க அவருக்கு மனம் வராது, அது எல்லாருக்கும் தெரியும். அம்மா பணியாரத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மாமா பட்டறைக்குள் போனார். பெரிய சுத்தியலோடு வெளியில் வந்தார். ஏணியை மதிலில் சாத்தினார். அவர் முகத்தைப் பார்த்ததும் மயில், நண்டு, பட்டறை எல்லாமே இன்றோடு சரி என்று எனக்கு விளங்கிற்று. முதல் படியில் கால் வைத்துவிட்டார்.

"நில்லுங்கோ."

அந்த அக்காதான். செருப்பைக்கூடப் போடாமல் முற்றத்தைக் கடந்து வந்தார்.

"எல்லாத்தையும் ஏன் உடைக்கிறியள்? ஒண்டுதானே இப்பிடிக் கத்துது. இறங்குங்கோ."

மாமா இறங்கினார். அந்த அக்கா சேலையைச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினார். அண்ணன்காரர், "என்னடி செய்யிறாய்?" என்று கத்தினார். அக்கா திரும்பியும் பார்க்கவில்லை. தோகைக்கு நேரே போனதும் ஒரு பைப்பை விரல்களால் பிடித்து ஊமையாக்கினார். காற்று அடித்தது. ணங்ங்ங். விட்டுவிட்டு அடுத்ததைப் பிடித்தார். ணங்ங்ங். ஒரு ஸ்பானர், ஒரு தகடு, இன்னொரு பைப். சைக்கிள்காரர்கள், துவாய்க்காரர், நாங்கள் எல்லோரும் தலையை அண்ணாந்தபடி நின்றோம். கடைசியாக அவருடைய கை பித்தளைத் தட்டுக்குப் போனது. பிள்ளையின் வாயைப் பொத்துகிற மாதிரி உள்ளங்கையை அதில் வைத்து அழுத்தினார்.

சேமக்கலம் நின்றுவிட்டது. மற்றவை நிற்கவில்லை. குட்டையும் நெட்டையுமாக, ஒன்றையொன்று துரத்திக்கொண்டு, அவ்வளவு நேரமும் கேட்காமல் இருந்த பைப்புகள் எல்லாம் சேர்ந்து ஒலித்தன. வேலியோரத்துக் கோழிகூட நின்று கேட்டது. வீட்டில் பகலில் எப்போதும் ஏதாவது சத்தம் இருக்கும். இப்படி எல்லோரும் வாயை மூடிக்கொண்டு ஒரு சத்தத்தைக் கேட்டு நான் பார்த்ததில்லை.

"இதுதான்," என்றார் அந்த அக்கா. பிறகு, மாமாவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அப்பாவுக்கு அடிச்சதும் இப்பிடித்தான்," என்றார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

மாமா, "எனக்குத் தெரியேல்லை. கரண்டியால தட்டேக்கை நல்லாயிருந்தது," என்றார். சுத்தியலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"கத்தி இருக்கோ?"

மாமா இரும்பு அறுக்கிற வாள் அலகு ஒன்றை எடுத்து நீட்டினார். தங்கூசி அறுந்தது. தட்டு அக்காவின் கையோடு இறங்கிற்று.

பக்கத்து வளவுக்காரர் கொஞ்ச நேரம் காது கொடுத்துவிட்டு, "இப்ப ஐஸ்கிறீம் வண்டி மாதிரி இருக்கு. பிழையில்லை," என்று தீர்ப்புச் சொன்னார். மனைவியைக் கூட்டிக்கொண்டு போகும்போது, உண்மையில் யாராவது செத்தால் மறக்காமல் சொல்லச் சொல்லி அப்பாவிடம் வாக்கு வாங்கிக்கொண்டார்.

பெரியம்மா திரும்பவும் இருக்கவில்லை. ஆனால் போகவும் அவசரப்படவில்லை. நின்றபடியே ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். வாசலில் வைத்து அம்மாவின் கையைப் பிடித்து, "போய்ச் சொல்லி அனுப்பிறம் பிள்ளை," என்றார். வேலணைக்காரரும் அதே வசனத்தைத்தான் சொன்னவர்கள். மாமா தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

ஆட்டோ வெளிக்கிடும்போதுதான் நான் கவனித்தேன். அந்த அக்கா பித்தளைத் தட்டைக் கீழே வைக்கவில்லை. மடியில் வைத்து, கைலேஞ்சித் துணியால் சுற்றிக்கொண்டிருந்தார்.

"மாமா! பித்தளை! கொண்டுபோறா!"

"விடடா," என்றார் மாமா.

விடுவதாவது? பித்தளைத் துணுக்கு விழுந்தாலும் பொறுக்குகிற மனிதர் நடுக்கத்தில் தன் நினைவில் இல்லை என்று நினைத்தேன். வீட்டில் பொறுப்பான ஆம்பிளை நான் ஒருவன்தான். காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவுக்குப் பின்னால் ஓடினேன். சந்தியில் மாடுகள் குறுக்கே நின்றிராவிட்டால் பிடித்திருக்க மாட்டேன்.

"என்ன தம்பி?" என்று அந்த அக்கா வெளியில் தலையை நீட்டினார்.

"எங்கட தட்டு," என்றேன், மூச்சு வாங்கிக்கொண்டு. "தாங்கோ."

பெரியம்மாவும் அண்ணன்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தட்டு மடியில் இருந்தது அவர்களுக்கும் அப்போதுதான் தெரிந்ததுபோல. அண்ணன்காரர், "குடன் பிள்ளை," என்றார். அந்த அக்கா கொடுக்கவில்லை. அதை இன்னும் கொஞ்சம் கிட்ட இழுத்து வைத்துக்கொண்டார். முகம் சிவந்திருந்தது. பிடிபட்ட கள்ளருக்கு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

"இது என்னட்ட இருக்கட்டும். வரேக்கை நானே கொண்டுவாறன் எண்டு மாமாட்டச் சொல்லும்."

"எப்ப வருவியள்?"

அக்கா தட்டைக் கைலேஞ்சியால் இன்னொரு சுற்றுச் சுற்றினார். பெரியம்மாதான் சிரித்துக்கொண்டு, ஆட்டோக்காரரின் தோளில் தட்டி, "எடு தம்பி," என்றார்.

வெறுங்கையோடு திரும்பி வந்தேன். மாமா பட்டறை வாசலில் குந்தியிருந்தார். நடந்ததைச் சொன்னேன். இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். வரும்போது கொண்டுவருவதாகச் சொன்னாவா, அனுப்பிவிடுவதாகச் சொன்னாவா, வடிவாக யோசித்துச் சொல்லு என்றார். வரும்போது, நானே, என்றேன். குசினிக்குள்ளிருந்து அம்மா ஓடி வந்தார். அவருக்கும் முதலில் இருந்து சொல்ல வேண்டியதாயிற்று. பள்ளிக்கூடத்தில் என்னை ஒரு பாடத்தை இத்தனை தரம் யாரும் ஒப்புவிக்கச் சொன்னதில்லை. அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். பித்தளை போனதற்கு இவ்வளவு கவலையா என்று எனக்குப் பாவமாக இருந்தது.

"பொய் சொல்லுறா மாமா. தரமாட்டா," என்றேன். "பொலிசுக்குப் போவம்."

மாமா என்னை இழுத்து, எண்ணெய்க் கையால் தலையைக் கலைத்துவிட்டு, கேற்றைப் பார்த்துத் தன்பாட்டில் சிரித்தார். இப்படிக் கண்ணுக்கு முன்னால் சாமானைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், இந்த மனிதர் சிரிக்கிறாரே, இவரை நம்பி நான் எப்படித் தொழில் பழகுவது என்று அன்றைக்கு நான் உண்மையாகவே கவலைப்பட்டேன்.